அப்பா வீட்டுக்குப் பத்து நிமிடம்

"காத்து பலமா இருக்குப்பா. இந்த வாரமும் வர முடியும்னு தோணலை" என்று லிஃப்ட்காரர் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிரே ஜன்னல் திரை ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி திரையைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். கையில் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ஆமா, இங்கயும் ஒரே காத்துதான்" என்றார் மறுமுனையில் அப்பா. "நீ சிரமப்படாதே. வேலை எப்படிப் போகுது?"

"போகுதுப்பா."

"சரி. வச்சுடவா?"

"வச்சுடுங்க."

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பேச்சு அவ்வளவுதான். பல வருடங்களாக அந்தப் பேச்சில் மாறியது ஒன்றே ஒன்று. காற்று இருந்த இடத்தில் முன்பெல்லாம் டிராஃபிக் இருந்தது.

அப்பா நகரப் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரின் மறுகோடியில், பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருந்த சிறிய வீட்டில் தனியாக இருந்தார். சாலை வழியாக அங்கே போய்ச் சேர அரை நாள் ஆகும். பாலத்துக்கு மேலே ஒரு நெரிசல், பாலத்துக்குக் கீழே ஒரு நெரிசல், இரண்டையும் தாண்டினால் பாலமே இல்லாத இடத்தில் இன்னொரு நெரிசல். "டிராஃபிக்ப்பா" என்று சொன்னால் போதும். அந்தச் சாலைகளில் ஆயுசைக் கழித்த மனிதருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு பறக்கும் கார் வந்தது. முதலில் பணக்காரர்கள் மட்டும் அதில் மற்றவர்களின் தலைக்கு மேலே பறந்தார்கள். கொஞ்ச நாளில் அது டாக்சியாகி, எல்லாரும் எல்லார் தலைக்கு மேலேயும் பறக்க ஆரம்பித்தார்கள்.

டிராஃபிக் என்ற ஒரு சொல் அந்த நகரத்தில் எத்தனை பேரைக் காப்பாற்றி வந்தது என்பது, அது போன பிறகுதான் தெரிந்தது. ஆபீசுக்குத் தாமதமாக வருகிறவர்கள், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக மனமில்லாதவர்கள், பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டுப் பாதி வழியில் திரும்புகிறவர்கள், எல்லாரும் ஒரே பருவத்தில் அநாதையானார்கள்.

லிஃப்ட்காரரின் நிலைமை இன்னும் மோசம். அவருடைய அநாதைத்தனம் அவர் கையாலேயே செய்தது. அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் பறக்கும் கார் ஸ்டாண்ட் வந்தபோது, லிஃப்டை இன்னும் ஒரு மாடி ஏற்றிக் கொடுக்கும் வேலை அவருடைய கம்பெனிக்குத்தான் கிடைத்தது. கம்பெனி அவரைத்தான் அனுப்பியது. லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தை நீட்டினார், புதுக் கயிறு போட்டார், மோட்டார் ரூமை நகர்த்தினார், உள்ளே ஒரு புதுப் பொத்தான் பொருத்தினார். அழுத்திப் பார்த்தபோது லிஃப்ட் ஒரு குலுங்கல் இல்லாமல் மொட்டை மாடியில் போய் நின்றது. கதவு திறந்ததும் எதிரே ஸ்டாண்டின் பலகை. அதில் ஒவ்வொரு ஊர்ப்பகுதிக்கும் எத்தனை நிமிடம் என்று போட்டிருந்தார்கள். பழைய பஸ் டெப்போவை இடித்துவிட்டு அங்கேயும் ஒரு ஸ்டாண்ட் கட்டியிருந்தார்களாம். டெப்போ, பத்து நிமிடம்.

அவர் அந்தப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்.

அப்பாவுக்கும் அவருக்கும் சண்டை எதுவும் கிடையாது. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்; அதைப் பற்றியாவது பேசியிருக்கலாம். அம்மா இருந்தவரை அப்பா தன் விஷயத்தை அம்மாவிடம் சொல்வார், அம்மா அதை இவரிடம் சொல்வாள். இவர் பதிலை அம்மாவிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் இதே ஏற்பாடுதான். அம்மா இறந்த பிறகு இவர் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போனார். இரண்டு நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அப்பா வேலை எப்படி என்று கேட்டார். இவர் போகுது என்றார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மின்விசிறிதான் பேசியது. திரும்பி வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மனசு லேசானது. லேசானதை நினைத்து உடனே அவமானமாகவும் இருந்தது. அந்த அவமானத்துக்குப் பயந்துதான் அவர் அதற்குப் பிறகு போகவில்லை. இதையெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்பாவிடமே பேசியிருப்பார்.

"மேல போய் ஸ்டாண்ட்ல கேட்டுட்டு வந்தேன்" என்றாள் மனைவி. "இன்னைக்கு இலை கூட அசையலையாம். காத்துன்னு ஏன் சொன்னீங்க?"

அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது அவளுக்குத் தொழில். லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார்.

"எனக்கு உயரம்னா பயம்" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன வேலை பார்க்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது.

மனைவி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எத்தனை நாளா?"

"கொஞ்ச... நாளா."

"வேலையில? அத்தனை மாடி உயரத்துல, லிஃப்ட் கூரை மேல நின்னுதானே வேலை பார்க்கறீங்க?"

"கீழ பார்க்காம இருந்துப்பேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "இதை ஏங்க இவ்வளவு நாள் மனசுக்குள்ளயே வச்சிருந்தீங்க?"

அவள் நல்லவள். நல்லவளாக இருந்ததால் மறுநாள் காலையிலேயே அவருடைய மேனேஜருக்குப் போன் செய்துவிட்டாள்.

மேனேஜரும் நல்லவர்தான். லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அவருடைய பாதுகாப்பு பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"சார், அது சும்மா ஒரு..."

"எனக்கும் புரியுது. என் மச்சானுக்குப் பல்லியைக் கண்டா இப்படித்தான். வெளிய சொல்ல மாட்டான். உங்க வீட்டம்மா சொன்னது நல்லதாப் போச்சு. நாளைக்கு மேலேர்ந்து விழுந்துட்டீங்கன்னா யாருக்கு நஷ்டம்?"

"சார், நான் இத்தனை வருஷம் விழலையே."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

டாக்டர் சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கூப்பிடும் போன் அது. கயிறும் கிரீஸும் பழகிய கைக்கு அந்தப் போன் இலேசாக இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க, இப்ப ஆள் வந்துடுவாங்க" என்றார் முதல் ஆளிடம்.

"எனக்குப் பயமில்ல. உங்க குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே. எங்க கட்டடத்து லிஃப்ட்காரர்தானே நீங்க?"

"ஆமாங்க."

"உங்களுக்குத்தானே உயரம்னா ஆகாதுன்னு சொன்னாங்க? பாவம், நீங்க பதறாதீங்க. நான் நாலாவது மாடியிலதான் மாட்டியிருக்கேன். பத்திரமாத்தான் இருக்கேன்."

பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் அன்றே நினைத்தார். ஆனால் 'எனக்கு உயரம் பயமில்லை' என்று சொன்னால், 'அப்போ அப்பாவைப் பார்க்க ஏன் போகலை' என்ற கேள்வி வரும். போனை எடுப்பதே மேல் என்று தோன்றியது.

கம்பெனி டாக்டரிடம் மனைவியும் கூடவே வந்தாள். அங்கேதான் அவருக்கு உண்மையிலேயே சங்கடம். பயம் இருப்பதாகக் காட்டினால் வேலை போகும். இல்லாததாகக் காட்டினால் மனைவியிடம் மாட்டிக்கொள்வார். டாக்டர் அவரை மேஜை மேல் ஏறி நிற்கச் சொன்னார். லிஃப்ட்காரர் மனைவி இருந்த பக்கத்துக் காலை மட்டும் கொஞ்சம் நடுங்க விட்டார்.

"ஒரு கால் மட்டும் நடுங்குதே" என்றார் டாக்டர். யோசித்தார். தன் தொழிலில் இதை அவர் பார்த்ததில்லை போலிருந்தது. "ஆரம்ப நிலைதான். மருந்து வேண்டாம். பழகினா போயிடும். வாரத்துக்கு ஒரு தடவை பறக்கும் கார்ல போயிட்டு வாங்க. அந்தக் கால் நடுக்கம் நின்னதும் வாங்க, சான்றிதழ் தர்றேன்."

"வாரா வாரம் எங்க போறதுன்னு யோசிக்கவே வேண்டாம் டாக்டர்" என்றாள் மனைவி. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "மாமா வீட்டுக்கு ஸ்டாண்ட் இருக்கு. பத்தே நிமிஷம்."

வாசலுக்கு வருவதற்குள் மாமாவுக்குப் போன் போட்டுவிட்டாள். "மாமா, இனிமே ஞாயித்துக்கிழமை தோறும் உங்க மகன் அங்க வருவாரு."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"எதுக்கும்மா அவனுக்குச் சிரமம்?" என்றது கடைசியில் அப்பாவின் குரல்.

"அப்ப நீங்க இங்க வந்துடுங்களேன் மாமா. ஒரு மாறுதலா இருக்கும்."

"நானா? சக்கரம் தரையில படாத வண்டியில நான் ஏற மாட்டேம்மா. அவனே வரட்டும். சரி, வரட்டும்."

கண்ணாடிக் கடைக்கு ஞாயிறுதான் கூட்டம் வரும் நாள். அதனால் மனைவி கூடப் போக முடியவில்லை. ஒரு தூக்குப் பாத்திரத்தில் மாமாவுக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்து, கணவரை மொட்டை மாடி வரை கொண்டுவிட்டு, "கண்ணை மூடிக்கோங்க, பத்து நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

பறக்கும் காரை ஓட்டிய பெண் முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். "டெப்போதானே அண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கிளப்பினாள்.

லிஃப்ட்காரர் கண்ணை மூடவில்லை. வண்டி எழும்பிய விதத்தைக் கவனித்தார். நாலு மோட்டாரில் பின்பக்கத்து ஒன்று லேசாக இழுக்கிறது என்பது சத்தத்திலேயே தெரிந்தது. கீழே கட்டடங்களின் தலைகள் போயின. எந்தெந்தக் கட்டடத்தில் எந்தெந்த லிஃப்ட் என்று அவருக்குத் தெரியும். அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டிய சாலை ஒரு சாம்பல் நிறக் கோடாகக் கிடந்தது. அதில் வண்டிகள் ஒன்றிரண்டு மட்டும் போய்க்கொண்டிருந்தன. இவ்வளவு நேரான சாலையா அது என்று இருந்தது. அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் டெப்போ தெரிந்தது. டெப்போவுக்குப் பின்னால் தெரு. தெருவில் அந்த வீட்டின் கூரை. கூரைக்குக் கீழே இரண்டு நாற்காலி.

"மார்க்கெட்டுக்குப் போயிடலாம்" என்றார் லிஃப்ட்காரர்.

"எந்த மார்க்கெட்?"

"இருக்கிறதுல பெரிய மார்க்கெட்டுக்கு."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

மரச்சாமான் மார்க்கெட்டின் மொட்டை மாடி அது. விற்காத சோபாக்களை அங்கே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்கு என்று கொடுத்த சாப்பாட்டை முழுக்கச் சாப்பிட்டார். மிச்சம் வைத்தால் கேள்வி வரும். மத்தியானம் தாண்டும்வரை அங்கேயே இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "மாமா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"பகல்ல அவருக்குப் போன் பண்ணேன். எடுக்கவே இல்லையே. பேச்சு சுவாரசியமா?"

"ஆமா. அப்படித்தான்."

"இருங்க, இப்ப கேட்கறேன்" என்று அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். லிஃப்ட்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.  

"மாமா, அவர் வந்தாரா?"

அப்பா முதலில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, "வந்தாம்மா" என்றார் அப்பா. "வந்தான். நல்லாப் பேசிட்டிருந்தோம்."

லிஃப்ட்காரர் திரும்பிப் போனைப் பார்த்தார். தன்னைக் காப்பாற்றிவிட்டார் அப்பா. வாழ்க்கையில் அப்பா ஒரு பொய் சொல்லி இவர் பார்த்ததில்லை. பஸ் ஒரு நிமிடம் தாமதமானால்கூடப் பயணிகளிடம் ஒப்புக்கொள்கிற மனிதர், இவருக்காகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் கட்டாயம் போய்விட வேண்டும் என்றுதான் அவர் வண்டியில் ஏறினார். ஆனால் கூரை தெரிந்ததும் புதிதாக ஒரு கஷ்டம் முளைத்தது. முன்பு வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதும். இப்போது அந்தப் பொய்யைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும். நன்றி சொல்ல வேண்டுமா, மன்னிப்பு கேட்க வேண்டுமா? இரண்டையும் அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்டதே இல்லை.

"மார்க்கெட்தானே அண்ணே?" என்றாள் ஓட்டுகிறவள்.

"ம்."

இப்படியே வாரங்கள் போயின. ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் மனைவி போன் செய்தாள். ஒவ்வொரு தடவையும் அப்பா கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார். குழாய் ஒழுகியதாம், மகன்தான் சரி பண்ணிக் கொடுத்தானாம். பழைய பஸ் கதையெல்லாம் கேட்டானாம். அம்மாவைப் பற்றிக்கூடப் பேசினார்களாம்.

"என்ன பேசினீங்க?" என்றாள் மனைவி, கணவர் பக்கம் திரும்பி.

"சும்மா. பழசெல்லாம்."

சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "அத்தை இருந்து இதைக் கேட்டிருக்கணும்" என்றாள்.

அப்பா சொல்கிற அந்த மகன் மேல் லிஃப்ட்காரருக்குப் பொறாமையே வந்துவிட்டது. அவன் குழாயைச் சரி செய்தான். கதை கேட்டான். அம்மாவைப் பற்றி வாய் திறந்து பேசினான். இவரோ சோபா ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மார்க்கெட்டில் ஒன்று, வீட்டுக்கு வந்து இன்னொன்று. டாக்டர் ஒருவழியாகச் சான்றிதழ் கொடுத்து, மேனேஜர் அலமாரியைத் திறந்து பாதுகாப்பு பெல்ட்டைத் திருப்பித் தந்தபோது, அதில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது.

"பயம் விட்டுப் போனா உடம்பு தேறும்" என்றார் மேனேஜர்.

வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை நிறுத்த முடியவில்லை. "பயத்துக்காகவா போனீங்க, அப்பாவுக்காகத்தானே" என்றாள் மனைவி. அவர் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

"வீட்ல சண்டையா அண்ணே?" என்று ஒரு தடவை வண்டி ஓட்டுகிறவள் கேட்டுவிட்டாள். "வாரா வாரம் சாப்பாட்டைத் தூக்கிட்டு வந்து இங்க தனியா உட்கார்றீங்களே."

"சண்டையெல்லாம் இல்லம்மா. எல்லாரும் நல்லவங்கதான்."

"அப்ப கஷ்டம்தான்" என்றாள் அவள்.

குளிர் தொடங்கியது. மனைவி மாமாவுக்காக ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். அரக்குச் சிவப்பு. சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடலாம், ஸ்வெட்டரை என்ன செய்வது? லிஃப்ட்காரர் அதைப் போட்டுப் பார்த்தார், தோளில் பிடித்தது. கடைசியில் மொட்டை மாடி மோட்டார் ரூமில், ஆணியில் மாட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த ஞாயிறு கடையில் கூட்டம் ஜாஸ்தி, மனைவி வரும்போதே களைத்திருந்தாள். மாமாவுக்குப் போன் செய்யவில்லை. அடுத்த நாளும் மறந்தாள். வாரக் கடைசியில், சனிக்கிழமை சாயங்காலம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஸ்வெட்டர் சரியா இருக்கா மாமா?"

"கச்சிதமா இருக்கும்மா" என்றார் அப்பா. "இப்பகூடப் போட்டுட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்."

லிஃப்ட்காரர் கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

"நிறம் பிடிச்சுதா?"

"சாம்பல் நிறம் எனக்கு எப்பவும் பிடிக்குமே."

மனைவி போனை வைத்துவிட்டு யோசனையாக உட்கார்ந்தாள். "சிவப்பைச் சாம்பல்ங்கறாரே. கண்ணுல புரை விழுந்திருக்குமோ? நாளைக்குப் போறப்ப மாமாவைக் கடைக்கு அழைச்சுட்டு வர முடியுமான்னு பாருங்க. நானே டெஸ்ட் பண்றேன்."

கண்ணில்தான் கோளாறு என்று அவள் நினைத்தாள், அவள் தொழில் அப்படி. லிஃப்ட்காரருக்கு வேறொன்று தோன்றியது.

தன்னைக் காப்பாற்றுவதற்காக அப்பா பொய் சொல்கிறார் என்றுதானே இத்தனை வாரமாக நினைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறவர் 'சரியா இருக்கும்மா' என்பதோடு நிறுத்தியிருக்க மாட்டாரா? இல்லாத ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு யார் உட்காருவார்கள்? அதற்கு நிறம் யார் சொல்வார்கள்? குழாயைச் சரி செய்த மகன், கதை கேட்ட மகன், அம்மாவைப் பற்றிப் பேசிய மகன். அப்பா பொய்யே சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் இரண்டாவது நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா கண்ணுக்கு மட்டும் தெரிகிற யாரோ. தனியாக விடப்பட்ட மனசு தானே ஒரு மகனைச் செய்து வைத்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் காலை, மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்வெட்டரை எடுத்துத் தட்டி மடித்தார். சாப்பாட்டுப் பாத்திரம் ஒரு கை, ஸ்வெட்டர் ஒரு கை.

"மார்க்கெட்தானே?"

"இல்லம்மா. டெப்போ."

வண்டி எழும்பியது. கீழே அதே கட்டடங்கள், அதே சாம்பல் கோடு. லிஃப்ட்காரருக்கு இரண்டு காலும் நடுங்கின. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

"உயரம் பயமா அண்ணே?"

"இறங்கறதுதாம்மா பயம்."

அவள் வேகத்தைக் குறைத்து, டெப்போ ஸ்டாண்டில் பூப்போல இறக்கினாள். "நான் காத்திருக்கவா?"

"வேண்டாம். நேரம் ஆகும்" என்றார் அவர். எத்தனை நேரம் ஆனாலும் இன்றைக்கு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். என்ன சொல்வது என்றும் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தார். 'அப்பா, நான் இதுக்கு முன்னாடி வரலை. இப்பதான் வந்திருக்கேன்.' அவ்வளவுதான். அதற்கு மேல் அப்பா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது. ஒன்றும் சொல்லாவிட்டால், குழாயில் எது ஒழுகுகிறதோ அதைக் கழற்ற ஆரம்பிப்பது.

தெரு அப்படியேதான் இருந்தது. வீட்டு வாசல் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. கதவில் பூட்டு.

தட்டினார். பூட்டிய கதவைத் தட்டுகிறோம் என்பது மூன்றாவது தட்டில்தான் உறைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். இரண்டு நாற்காலியும் சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. வெளியே எங்காவது போய், திரும்பி வர வழி தெரியாமல் நிற்கிறாரோ? தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண்மணி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் இதுவரை பார்த்திராத முகம். அம்மா போன பிறகு குடிவந்தவராக இருக்க வேண்டும்.

"யாரைப் பார்க்கணும்?"

"இங்க... டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர்."

"நீங்க?"

மகன் என்று சொல்ல வாய் எடுத்தார். இத்தனை நாள் தெருவில் தலை காட்டாத மகன். வாய் தானாக மூடிக்கொண்டது. "தெரிஞ்சவங்க" என்றார்.

"ரொம்ப நாளாப் பார்க்கலையோ?"

"ஆமாங்க. அவருக்கு... உடம்பு எப்படி இருக்கு? ஞாபகமெல்லாம் சரியா இருக்கா?"

"அவருக்கா?" அந்தப் பெண்மணி துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இந்தத் தெருவுல யார் வீட்டு கேஸ் சிலிண்டர் எப்ப தீரும்னுகூட அவருக்குத்தான் ஞாபகம். ஏன் கேட்கறீங்க?"

"இல்ல, வீடு பூட்டியிருக்கு. எங்கயாவது வழி தவறி..."

"அட, நீங்க ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வந்தா அவரைப் பிடிக்கவே முடியாதுங்க. இந்தப் பறக்கும் கார் வந்ததுலேர்ந்து ஒரு வாரம் விடாம, 'மகன் வீட்டுக்குப் போறேன்'னு காலையிலயே கிளம்பிடறாரே."